விரலுக்கும் செவிக்கும் நடுவே

திண்டுக்கல்லிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த வடமதுரையில், ஆடி மாதத்தில் சௌந்தரராஜப் பெருமாளின் தேர் நிலையை விட்டுப் புறப்படும் வேளையில், தேருக்கு முன்னே செல்லும் மேளக்காரர்களைச் சுமார் 35 மீட்டர் தூரத்தில் நின்று கவனிப்பவர் எவருக்கும் ஓர் உண்மை பிரத்தியட்சமாக விளங்கும். தவில்காரரின் கோல் தோலின்மீது விழுவதைக் கண் முதலில் காண்கிறது. அந்த அடியின் ஓசையோ, கோல் மீண்டும் மேலே எழும்பிவிட்ட பிறகே செவியை வந்தடைகிறது. 30 டிகிரி வெப்பமுள்ள காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் வேகத்தில் செல்லுகிறது. ஆகவே 35 மீட்டரைக் கடக்க அதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மில்லிநொடி தேவைப்படுகிறது. சித்திரை வெயிலில் திண்டுக்கல் சமவெளி 38 டிகிரியில் காயும்போது மில்லிநொடிக்கு 35 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவே ஓடும் ஒலி, மார்கழி இரவில் கொடைக்கானல் 10 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும்போது 34 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. இந்தச் சிறு வேற்றுமையை விட்டுவிட்டு, ஒரு மில்லிநொடி என்பது ஓரடிக்குச் சற்று அதிகமான தூரம் என்று மனத்தில் இருத்திக்கொண்டால், இந்த அத்தியாயத்தில் வரும் கணக்குகள் யாவும் எளிதாகிவிடும்.

அன்றிரவு அதே திருவிழாவின் மேடையில் ஏறும் ஆர்க்கெஸ்ட்ராவில் கிடார் வாசிப்பவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் தம்முடைய ஆம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்கிறார் என்றால், கம்பியை அவர் மீட்டிய கணத்துக்கும், அந்த நாதம் அவர் செவியில் விழும் கணத்துக்கும் இடையே எட்டரை மில்லிநொடி கழிந்துவிடுகிறது. மேடையின் மறுகோடியில் அமர்ந்திருக்கும் டிரம்ஸ்காரரின் ஓசையும் அவ்வாறே காலம் தாழ்த்தித்தான் அவரிடம் வருகிறது. ஆயினும் அவர் இதைப் பற்றி ஒருநாளும் குறை கூறியதில்லை. குறை கூறுவதற்கு இடமிருப்பதாகவே அவருக்குத் தோன்றியதில்லை. ஆனால் அதே மனிதர், பத்து ஆம்புகளின் குரலையும் ஒரே சிறு பெட்டிக்குள் அடக்கித் தருவதாகச் சொல்லப்படும் டிஜிட்டல் மாடலர் ஒன்றை வாங்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கியதும், அந்தப் பெட்டியின் மொத்தத் தாமதம் மூன்று மில்லிநொடியே ஆனபோதிலும், "சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கையோடு ஒட்டவில்லை" என்று சொல்லுகிறார்.

எட்டரை மில்லிநொடியைப் பொறுத்துக்கொண்ட செவி மூன்று மில்லிநொடியைப் பொறுக்கவில்லை என்றால், ஒன்று அந்தக் கலைஞர் வெறும் பிரமையில் இருக்க வேண்டும். அல்லது அவர் உணரும் குறை தாமதத்தைத் தவிர வேறொன்றாக இருக்க வேண்டும். முதல் முடிவை எளிதாக எடுத்துவிடுகிற பொறியாளர்கள் உண்டு. வாத்தியத்தோடு பல்லாண்டு பழகிய விரல்களின் சாட்சியத்தை அவ்வளவு இலேசாகத் தள்ளிவிடுவது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். விரல் உணர்ந்தது மெய். அதற்கு இடப்பட்ட பெயர்தான் பெரும்பாலும் பிழையானது. இதை விளங்கிக்கொள்ள, முதலில் தாமதம் எங்கெங்கே பிறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பழைய வால்வு ஆம்பில் தாமதம் என்று பேசத்தக்கது ஏதுமில்லை. கிடாரின் பிக்கப்பில் எழும் மின்னலை வால்வுகளையும் மின்தேக்கிகளையும் டிரான்ஸ்ஃபார்மரையும் கடந்து ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைப்பதற்கு மில்லிநொடியின் சிறு பின்னம் போதும். ஆனால் வால்வு ஆம்ப் எடை மிகுந்தது, விலை உயர்ந்தது, சூடேறுவது, வேனில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்லும்போது எளிதில் பழுதாவது. அதன் உண்மையான குரல் வெளிப்பட வேண்டுமானால் அண்டை வீட்டார் உறங்க முடியாத அளவுக்கு அதை உரக்க ஒலிக்கவும் வேண்டும். அந்தக் குரலை மட்டும் கணிதத்தால் பெயர்த்தெடுக்கும் முயற்சியில் 1995-இல் ரோலண்டு நிறுவனத்தின் வி.ஜி.-8 என்னும் கருவியும், 1998-இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் என்னும் சிறு பெட்டியும் வெளிவந்தன. 2006-இல் ஃபிராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் வந்தது. 2011-இல் ஜெர்மனியிலிருந்து வந்த கெம்பர், மெய்யான ஓர் ஆம்புக்குள் சோதனை ஒலிகளைச் செலுத்தி, அது கொடுக்கும் மறுமொழியைக் கொண்டே அதன் பிரதியை உருவாக்கும் முறையைப் பிரபலமாக்கியது. இன்று அதே காரியத்தை, நரம்பு வலைப்பின்னல் எனப்படும் கற்கும் யந்திரங்கள் சாதாரண லேப்டாப்பிலேயே செய்துவிடுகின்றன.

இவை யாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. தொடர்ச்சியாக ஓடும் மின்னலையை நொடிக்கு 48,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக்கி, அந்த எண்களின்மீது கணக்குகள் போட்டு, விடையாக வரும் எண்களை மறுபடியும் மின்னலையாக்கி வெளியே விடுகிறார்கள். அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு இடையே உள்ள காலம் 21 மைக்ரோநொடிதான். ஒவ்வோர் எண்ணும் வந்த கையோடு அதற்கான விடையும் வெளியேறுமானால் தாமதம் என்ற பேச்சுக்கே இடமிராது. ஆனால் கணினியின் மூளை கிடாருக்கு மட்டும் ஏவல் செய்வதன்று. திரையைத் தீட்டுவதும், வலைத்தொடர்பைக் கவனிப்பதும், விசைப்பலகைக்குச் செவிசாய்ப்பதுமாக அதற்கு ஆயிரம் அலுவல்கள். ஆகையால் எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தால் அது தடுமாறிவிடும். பஸ் நிலையத்து வாசலில் நிற்கும் ஷேர் ஆட்டோ, ஆள் நிரம்பிய பிறகே புறப்படுவதுபோல, எண்கள் ஒரு குறித்த தொகைக்குச் சேர்ந்த பிறகே கணக்குக்கு அனுப்பப்படுகின்றன. முதலில் ஏறி அமர்ந்தவர்தான் அதிக நேரம் காத்திருக்கிறார்.

இந்தச் சேமிப்புத் தொகுதிக்குப் பஃபர் என்று பெயர். 64 எண்கள் கொண்ட பஃபர் நிரம்ப 1.3 மில்லிநொடி ஆகும். 128 எண்களுக்கு 2.7; 512 எண்களுக்கு 10.7. உள்ளே வருவதற்கு ஒரு பஃபரும், வெளியே போவதற்கு ஒரு பஃபரும் தேவைப்படுவதால் லேப்டாப்பில் இந்தக் கணக்கு இரட்டிக்கிறது, யு.எஸ்.பி. கம்பியின் வழியே போய்வருவதற்கான காப்புக் காலமும் இதனோடு சேருகிறது. 512 எண்களில் வைத்துவிட்டு மறந்துபோன லேப்டாப் இருபது மில்லிநொடிக்கு மேல் தாமதிப்பதும், அதே லேப்டாப் 64-இல் வைத்தால் வேலைப்பளு தாங்காமல் படபடவென்று வெடிப்பொலி எழுப்புவதும் இதனாலேயே. காலால் மிதித்து இயக்கும் மாடலர் பெட்டிகளோ வேறு அலுவல் எதுவும் இல்லாத தனிச் சிப்புகளைக் கொண்டவை. அவற்றால் சிறுசிறு தொகுதிகளாகவே எண்களைக் கையாள முடியும். அதனால்தான் விலை மிகுந்த லேப்டாப்பைவிடச் சாதாரண பெட்டி இவ்விஷயத்தில் முந்திக்கொள்கிறது.

இரண்டாவது தாமதம் இதைக் காட்டிலும் சூட்சுமமானது. அலையை எண்ணாக்கும் சிப்பிலும், எண்ணை அலையாக்கும் சிப்பிலும் வடிகட்டிகள் இருக்கின்றன. இத்தகைய வடிகட்டி ஒரு கணத்துக்குரிய எண்ணைத் தீர்மானிப்பதற்கு, அந்தக் கணத்துக்கு முன்னே வந்தவற்றை மட்டுமன்றி, பின்னே வரப்போகிறவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. வரப்போவதைப் பார்க்க வேண்டுமானால் அது வரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. எந்த எண்ணும் தன் காலத்துக்கு முன் வருவதில்லை என்பதால், இந்தக் காத்திருப்பை வேகமான சிப்பினால் ஒழித்துவிட முடியாது. வடிகட்டியின் வடிவத்தை மாற்றித்தான் குறைக்க முடியும். சிப்பின் வகைக்கேற்ப ஒவ்வொரு திசையிலும் இது ஒரு மில்லிநொடியின் சிறு பகுதியாகவோ, ஒரு மில்லிநொடியை எட்டுவதாகவோ இருக்கும்.

இதே வடிகட்டிகள் மாடலரின் நடுவிலும் இன்னொரு முறை தேவைப்படுகின்றன. அதன் காரணம் டிஸ்டார்ஷன் என்று கிடார்காரர்கள் விரும்பிச் சேர்க்கும் அந்தக் கரகரப்பில் இருக்கிறது. ஒலியலையின் தலையைச் சீவும்போது புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. 5,000 அதிர்வு கொண்ட ஓர் ஒலியைச் சமச்சீராகச் சீவினால் 15,000, 25,000, 35,000 என்று ஒற்றைப் பெருக்கங்களில் அவை எழும்பும். வால்வு ஆம்பில் 35,000 அதிர்வுள்ள ஒலி மனிதச் செவிக்கு எட்டாமல் போய்விடும், அதனால் தீங்கில்லை. ஆனால் நொடிக்கு 48,000 தடவை மட்டும் அளக்கும் கணக்கில் 24,000-க்கு மேற்பட்ட அதிர்வுக்கு இடமே கிடையாது. இடமில்லாத 35,000, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கிரணம்போல மடங்கி, 48,000-இலிருந்து கழிந்து, 13,000 அதிர்வுள்ள ஒலியாகக் கீழே வந்து விழுகிறது. 5,000 என்னும் மூல ஒலிக்கும் இந்த 13,000-க்கும் யாதொரு சுருதி உறவும் இல்லை. விரல் கம்பியை மேல்நோக்கி இழுத்துச் சுருதியை ஏற்றும்போது இந்த மடங்கிய ஒலி மட்டும் எதிர்த்திசையில் இறங்கிவரும். பழைய மாடலர்களில் கேட்ட, தகரத்தைச் சுரண்டுவதுபோன்ற அருவருப்பான கீச்சொலிக்கு இதுவே முக்கிய காரணம்.

பரிகாரம் என்னவென்றால், டிஸ்டார்ஷன் நிகழும் இடத்தில் மட்டும் எண்களின் அடர்த்தியை நான்கு மடங்காகவோ எட்டு மடங்காகவோ பெருக்கி, மேற்சுரங்கள் மடங்காமல் ஏறுவதற்கு இடங்கொடுத்து, பிறகு தேவையற்றவற்றை வடிகட்டிவிட்டுப் பழைய அடர்த்திக்குத் திரும்புவது. பெருக்கும்போது ஒரு வடிகட்டி, குறைக்கும்போது ஒரு வடிகட்டி. வடிகட்டி இருக்குமிடத்தில் காத்திருப்பும் இருக்கிறது. எதிர்காலத்தைப் பார்க்காமல் நடந்ததை மட்டும் வைத்துத் தீர்மானிக்கும் வடிகட்டிகளும் உண்டு. அவை தாமதத்தை வெகுவாகக் குறைக்கும், ஆனால் வெவ்வேறு அதிர்வுகளை வெவ்வேறு அளவில் பிந்தச் செய்து அலையின் உருவத்தைச் சற்றே குலைக்கும். மெய்யான ஆம்பும் அலையின் உருவத்தைக் குலைப்பதுதான் என்பதால், கிடார் விஷயத்தில் இரண்டாவது வழியே சிலாக்கியமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைச் சேர்க்கும் பகுதியைப் பற்றி ஒரு வீண் அச்சம் நிலவுகிறது. ஒரு கேபினெட்டின் மறுமொழியை 2,048 எண்களாகப் பதிவுசெய்து வைத்திருப்பார்கள். அதன் நீளம் 43 மில்லிநொடி. அவ்வளவும் தாமதமாகச் சேருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்த நீளம் ஒலி அடங்குவதற்கு ஆகும் காலமேயன்றித் தொடங்குவதற்கு ஆகும் காலம் அன்று. கணக்கைச் சுருக்குவதற்காக எண்களைப் பெரிய தொகுதிகளாகச் சேர்க்கும்போது தாமதம் நுழைவது மெய்தான்; ஆனால் தொடக்கத்தைச் சிறு துண்டுகளாகவும் பிற்பகுதியைப் பெரிய துண்டுகளாகவும் பிரித்து, தாமதமே இல்லாமல் இதைச் செய்து முடிக்கும் உபாயத்தை வில்லியம் கார்ட்னர் என்பவர் 1995-லேயே வெளியிட்டுவிட்டார். கவனிக்க வேண்டியது வேறு: மைக்கை ஸ்பீக்கருக்கு 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பதிந்திருந்தால், ஒலி அந்தத் தூரத்தைக் கடந்த ஒரு மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவான மௌனமும் பதிவின் தலைப்பில் சேர்ந்திருக்கும். அதை வெட்டி நீக்காத பதிவுகள் அந்த மௌனத்தை ஒவ்வொரு மீட்டலோடும் கொண்டுவந்து சேர்க்கும்.

இவ்வாறு சிறிது சிறிதாகச் சேருவதே இன்றைய மேடையின் நிலைமை. கிடாரிலிருந்து டிஜிட்டல் வயர்லெஸ், அதிலிருந்து மாடலர், பிறகு டிஜிட்டல் மிக்ஸர், அதிலிருந்து காதுக்குள் வைக்கும் மானிட்டருக்கு மறுபடியும் ஒரு டிஜிட்டல் வயர்லெஸ் என்று நான்கு கருவிகள் வரிசையாக நிற்குமானால், ஒவ்வொன்றிலும் எண்ணாக்கமும் மறுபடி அலையாக்கமும் நிகழ, தனித்தனியே கண்டுகொள்ளத்தகாத தாமதங்கள் கூடிப் பத்து மில்லிநொடியை எட்டிவிடும். கருவிகளை அனலாக் கம்பியால் இணைக்காமல் டிஜிட்டலாகவே இணைத்தால் இந்த இரட்டை வேலையில் ஒரு பகுதி மிச்சமாகும். புளூடூத் ஹெட்போனைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றே: அதில் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிநொடிக்கு மேல், தேர் வீதியில் 35 மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்கு ஒப்பான அதைக்கொண்டு எவரும் கிடார் அப்பியாசம் செய்ய இயலாது.

இனி மனிதனிடம் வருவோம். தன் செயலின் ஓசை தனக்கே காலந்தாழ்த்திக் கேட்குமானால் என்ன நேரும் என்பதை 1950-இல் பெர்னார்டு லீ என்பவர் பேச்சை வைத்து ஆராய்ந்தார். பேசுகிறவருடைய குரலை ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தாமதித்து அவர் செவியிலேயே ஒலித்தபோது, தெளிவாகப் பேசுகிறவர்கள்கூடத் திக்கித் திணறினார்கள். ஆனால் 200 மில்லிநொடிக்குச் சொல்லப்பட்ட தீர்ப்பைப் பத்து மில்லிநொடிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் என்பவரும் உடனிருந்தோரும் தனித்தனி அறைகளில் இருவரை அமர்த்திச் சேர்ந்து கைதட்டச் செய்து, ஒருவர் ஓசை மற்றவரை அடையும் காலத்தை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு வியப்புக்குரியது. தாமதம் மிகுந்தபோது தாளம் மந்தமாயிற்று என்பதை எவரும் எதிர்பார்க்கலாம். ஆனால் தாமதம் பத்து மில்லிநொடிக்கும் குறைந்தபோது இருவரும் தம்மை அறியாமலே தாளத்தை ஓட்டினார்கள்! பத்துக்குச் சற்று மேற்பட்ட அளவில், அதாவது இரண்டு பேர் சாதாரணமாக ஒரே கூடத்தில் சில மீட்டர் இடைவெளியில் இருக்கும்போது இயற்கையாக உண்டாகும் தாமதத்தில்தான், தாளம் நிலைத்து நின்றது. தவிலும் நாதஸ்வரமும் கூடி வாசிக்கும் வீதியில் தாமதம் ஒரு பகையன்று என்பதை நம்முடைய மேளக்காரர்கள் நெடுங்காலமாக அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள்.

வாத்தியத்துக்கு வாத்தியம் பொறுமை வேறுபடுகிறது. மைக்கேல் லெஸ்டர், ஜான் போலி ஆகிய இருவர் மேடை மானிட்டர்களை வைத்து நடத்தி 2007-இல் வெளியிட்ட சோதனையில், வாத்தியத்தையும் மானிட்டரின் வகையையும் பொறுத்து, ஏற்கத்தக்க தாமதம் 42 மில்லிநொடியிலிருந்து 1.4 மில்லிநொடிக்கும் கீழே வரை விரிந்திருந்தது. காதுக்குள் மானிட்டர் வைத்த சாக்ஸஃபோன்காரர்களும் பாடகர்களும் மிகுந்த சங்கடத்துக்கு ஆளானார்கள். கீபோர்டு வாசித்தவர்கள் எளிதில் பொறுத்துக்கொண்டார்கள். பாடுகிறவருக்குத் தம் குரல் எலும்பின் வழியாக உடனே கேட்டுவிடுகிறது. மானிட்டரின் வழியாக ஒரு மில்லிநொடி பிந்தி வருவது அதனோடு கலக்கும்போது 500, 1,500, 2,500 ஆகிய அதிர்வுகளில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, தம் குரலே பொந்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. எலக்ட்ரிக் கிடாரின் கம்பி தன்னளவில் மெல்லிய ஓசையே எழுப்புவதால் கிடார்காரருக்கு இந்தத் தொல்லை சொற்பம். இரவில் ஹெட்போனை மிகத் தாழ்ந்த ஒலியில் வைத்து வாசிக்கும்போது மட்டும் அது தலைகாட்டும்.

இவற்றையெல்லாம்விட நமக்கு முக்கியமான சோதனை 2016-இல் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தில் நடந்தது. தட்டி வாசிக்கும் ஒரு டிஜிட்டல் வாத்தியத்தை நான்கு விதமாக அமைத்துக் கலைஞர்களிடம் கொடுத்தார்கள்: தாமதமே இல்லாதது, நிலையாகப் பத்து மில்லிநொடி தாமதிப்பது, நிலையாக இருபது தாமதிப்பது, பத்தைச் சுற்றி மூன்று மில்லிநொடி கூடியும் குறைந்தும் தள்ளாடுவது. முதலிரண்டுக்கும் இடையே கலைஞர்கள் பெரிய பேதம் காணவில்லை. பிந்திய இரண்டையும் குறைந்த தரமுடையவை என்று ஒதுக்கினார்கள். பத்தில் மூன்று தள்ளாடுவது, நிலையான இருபதைப் போலவே வெறுக்கப்பட்டது. 2002-லேயே பெர்க்லியில் டேவிட் வெசலும் மேத்யூ ரைட்டும் இத்தகைய வாத்தியங்களுக்கு இலக்கணம் வகுத்தபோது, தாமதத்துக்குப் பத்து மில்லிநொடி வரை இடந்தந்தவர்கள், அதன் தள்ளாட்டத்துக்கு ஒரு மில்லிநொடிக்கு மேல் இடந்தரவில்லை. நிலையான தாமதத்தை மூளை அப்பியாசத்தால் கற்று, விரலை அதற்கேற்ப முன்கூட்டியே ஏவிவிடுகிறது. பெரிய தேவாலயங்களில் குழாய் ஆர்கன் வாசிப்பவர்கள் ஆயுள் முழுவதும் இதைத்தானே செய்கிறார்கள்? தள்ளாடும் தாமதத்திலோ கற்பதற்கு ஒன்றுமில்லை.

இப்போது நம் கலைஞரின் மாடலரைத் திரும்பப் பார்ப்போம். கம்பியின் ஒலி எண்களாக ஓடும் பாதையில் தாமதம் அணுவளவும் தள்ளாடுவதில்லை. நொடிக்கு 48,000 என்னும் கடிகாரம் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. விதிவிலக்கு, கம்பியின் சுருதியைக் கண்டுபிடித்து வேறொரு வாத்தியத்தை ஒலிக்கச் செய்யும் கருவிகளில் மட்டுமே. கிடாரின் தடித்த கம்பி 82.4 அதிர்வு கொண்டது. ஓர் அதிர்வு முடியவே 12 மில்லிநொடி ஆகிறது. சுருதியை உறுதிசெய்ய ஓரிரு அதிர்வாவது வேண்டும் என்பதால் மெல்லிய கம்பி உடனே பதில் சொல்ல, தடித்த கம்பி தயங்கித் தயங்கிச் சொல்லும். அத்தகைய வேலை செய்யாத மாடலரில் தாமதம் சிறியது, அது நிலையானதுங்கூட. அப்படியானால் "கையோடு ஒட்டவில்லை" என்னும் உணர்வுக்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

அந்த இடம், வால்வு ஆம்ப் விரலின் விசைக்குப் பணிந்து கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. கம்பியை வலுவாக மீட்டும்போது வெளியீட்டு வால்வுகள் திடீரென்று மிகுந்த மின்னோட்டத்தைக் கோருகின்றன. மின்வழங்கியால் அதை உடனே ஈடுசெய்ய முடியாமல் மின்னழுத்தம் தாழ்கிறது. அதனால் மீட்டலின் முதல் வேகம் சற்றே அமுக்கப்பட்டு, அடுத்த சில பத்து மில்லிநொடிகளில் மின்தேக்கிகள் மீண்டும் நிரம்பியதும் நாதம் புடைத்தெழுகிறது. மெல்லத் தொட்டால் இவை எதுவும் நிகழாமல் ஒலி தெளிவாக வருகிறது. வால்வின் வாயிலில் இருக்கும் மின்தேக்கிகளும் பலத்த ஒலியில் மின்னேறி, வால்வு இயங்கும் நிலையையே சிறிது நேரத்துக்கு மாற்றிவைக்கின்றன. அதாவது ஆம்புக்கு ஞாபகம் இருக்கிறது. இந்தக் கணத்தில் அது சொல்லும் பதில், சென்ற கணத்தில் விரல் செய்ததைப் பொறுத்தது. ஆரம்பகால மாடலர்கள் ஆம்பின் அலைச் சீவலை மட்டும் நகல் செய்தன; இந்த ஞாபகத்தை நகல் செய்யவில்லை. அவற்றில் எவ்வளவு வலுவாக மீட்டினாலும் ஒரே முகத்தோடு பதில் வந்தது. விரல் கொடுத்த விசைக்கு ஏற்ற நெகிழ்ச்சி திரும்பிவராதபோது, பதிலே பிந்திவிட்டதாக விரல் எண்ணிக்கொள்கிறது. இதுவே நான் கூற வந்த விஷயம்.

இதோடு சில்லறைக் காரணங்களும் உண்டு. இரைச்சலை அடைக்கும் கதவு, ஒலி குறிப்பிட்ட அளவுக்கு ஏறியதும் மெள்ளத் திறக்குமாறு வைக்கப்பட்டிருந்தால், மீட்டலின் கூர்மையான முதற்பகுதியைத் தின்றுவிடுகிறது. மாடலரின் உள்வாயில் 10 லட்சம் ஓமுக்கு மிகவும் குறைந்த தடையுடையதாக இருந்தால், பிக்கப் சுமையேறி, பிளெக்ட்ரம் கம்பியில் உரசும் அந்தப் பளிச்சென்ற ஓசை மங்குகிறது. மீட்டல் தொடங்கியது என்பதைச் செவிக்கு அறிவிப்பதே அந்த ஓசையாகையால், அது மங்கினால், கடிகாரத்தில் ஒரு மைக்ரோநொடியும் கூடாமலே, தொடக்கம் பின்தள்ளிப் போனதாகத் தோன்றும்.

நம் சங்கீதத்தில் இந்த நெகிழ்ச்சிக்கு இன்னும் அதிக முக்கியத்துவம் உண்டு. மேற்கத்திய வாசிப்பில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு மீட்டல் என்பது வழக்கமாக இருக்க, கமகத்திலோ ஒரே மீட்டலின் மூச்சைக் கொண்டு விரல் பல ஸ்வரங்களை இழுத்தும் வழுக்கியும் அசைத்தும் கடக்க வேண்டியிருக்கிறது. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் நான்கு ஜோடிக் கம்பிகளைக் கொண்ட வழக்கமான மாண்டலினைக் கைவிட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினை ஏற்றதற்கும், கிடாரில் கர்நாடக சங்கீதத்தை உலகமெங்கும் எடுத்துச் சென்ற பிரசன்னா எலக்ட்ரிக் கிடாரைக் கையாள்வதற்கும் பின்னால், நாதம் நீடித்து நிற்க வேண்டும் என்னும் தேவை இருப்பதைக் காணலாம். ஆம்பின் அமுக்கமும் எழுச்சியும் சரியாக அமைந்தால், மீட்டலின் உச்சம் தாழ்ந்து வால் நீண்டு, கமகத்தின் கடைசி அசைவு வரை செவிக்கு எட்டுகிறது. தவறினால் முதல் அசைவோடு நாதம் சரிந்துவிடுகிறது. தாமதத்தின் கணக்கும் இங்கே இரண்டாகப் பிரிகிறது. கமகத்தில் செவி கேட்டு விரல் திருத்தும் சுற்று மிகவும் நிதானமானது; அதில் ஐந்து மில்லிநொடி ஒரு பொருட்டன்று. ஆனால் நிமிஷத்துக்கு 90 அடி என்னும் காலப்பிரமாணத்தில் அடிக்கு எட்டு ஸ்வரம் வீதம் ஸ்வரக் கோர்வை வாசித்தால், ஸ்வரத்துக்கு ஸ்வரம் 83 மில்லிநொடிதான். அங்கே பத்து மில்லிநொடி எட்டில் ஒரு பங்காகிறது. ஆகவே ஒரே கலைஞர் ஆலாபனையில் மாடலரைப் புகழ்ந்து, ஸ்வரத்தில் அதை நிந்தித்தால், அவரை முரண்பட்டவர் என்று சொல்லிவிடக் கூடாது.

இறுதியாக, எந்தக் கணக்காலும் பெட்டிக்குள் அடைக்க முடியாத ஒரு சம்பந்தம் இருக்கிறது. ஆம்பின் எதிரே நிற்கும் கலைஞருடைய கம்பியை ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியே மறுபடியும் அசைக்கிறது. அந்த அசைவு மீண்டும் ஆம்புக்குச் சென்று ஒலியாகத் திரும்புகிறது. இந்தச் சுற்றின் மொத்தக் காலமே எந்த மேற்சுரம் வளர்ந்து பாடும், எது மாயும் என்பதைத் தீர்மானிப்பதால், கலைஞர் ஓரடி முன்னே பின்னே நகர்ந்து நீடிக்கும் ஸ்வரத்தின் நிறத்தையே மாற்றிவிடுகிறார். மாடலரின் ஒலி நேரே மைக் செட்காரரின் மிக்ஸருக்குப் போய், கலைஞரின் செவியில் ஹெட்போன் மட்டும் இருக்குமானால் இந்தச் சுற்று அறுந்துபோகிறது. கம்பி தன் குரலால் தொடப்படாமல் ஊமையாக அதிர்ந்து ஓய்கிறது. இது தாமதம் அன்று. ஆனால் கை அதையும் தாமதக் கணக்கிலேயே எழுதிவிடுகிறது.

ஆகையால் வடமதுரை மேடைக்கு மாடலரோடு வரும் கிடார்காரர் செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. கிடாரிலிருந்து வரும் கேபிளை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேராகவும், மற்றதைத் தாம் மேடையில் பயன்படுத்தும் கருவிகள் யாவற்றின் வழியாகவும் ஒரு ரெக்கார்டரின் இரு தடங்களில் இணைத்து, கம்பியை ஒருமுறை சுரீரென்று தட்டிப் பதிவுசெய்து, இரு தொடக்கங்களுக்கும் இடையே எத்தனை எண்கள் கழிந்தன என்று திரையில் பார்க்க வேண்டும். 144 எண்கள் என்றால் 3 மில்லிநொடி. அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். பிறகு முழுவீச்சு மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்றைப் பழைய ஆம்ப் நின்ற திசையில், தமக்குப் பின்புறமாக, 3 மீட்டருக்குப் பதிலாக 2 மீட்டரில் வைக்கச் சொல்ல வேண்டும். விரலுக்கும் செவிக்கும் இடைப்பட்ட காலம் முன்பிருந்த அதே எட்டரை மில்லிநொடிக்கு வந்துவிடும். ஸ்பீக்கர் அருகில் வந்ததால் கம்பியும் அதன் ஒலியில் மீண்டும் அசையத் தொடங்கும். அதன் பிறகும் ஒட்டவில்லையென்றால், பஃபரை விட்டுவிட்டு, மாடலரில் மின்வழங்கியின் தாழ்வுக்கும் இரைச்சல் கதவுக்கும் உரிய திருகிகளைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கலாம்.